கண்ணில் சதை வளர்ச்சி: ஆபரேஷனுக்குப் போகும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்ணின் வெள்ளைப் பகுதியில், மூக்கை ஒட்டிய ஓரத்தில் இருந்து சிவப்பாக ஒரு சதை கிளம்பி கருவிழியின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், டாக்டர்கள் அதை டெரிஜியம் என்பார்கள். நம் ஊரில் 'கண்ணுல சதை வளருது' என்றாலே எல்லாருக்கும் புரியும், ஏனென்றால் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும் போல. குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள், புத்தளம் உப்பளத்தில் வெயில் முழுக்க வாங்குகிறவர்கள், ஆரல்வாய்மொழிக் காற்றில் சூளையிலும் வயலிலும் நிற்கிறவர்கள் என்று வெயில், காற்று, தூசி மூன்றும் சேர்ந்து கண்ணில் படுகிற தொழில்தான் இங்கே அதிகம்.

எனக்கு வலது கண்ணில் வந்தது. எனக்கு முன்னாலேயே மாமாவுக்கு வந்தது. அவர் முட்டத்தில் விசைப்படகில் போகிறவர். அவருக்கு ஓர் இடத்தில் சதையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை எதுவும் வைத்து மூடாமல் அனுப்பிவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் முன்னைவிடத் தடிப்பாக வளர்ந்து நின்றது. மூடுவது என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய இரண்டாவது ஆபரேஷனுக்கும் என்னுடையதற்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவும் நாட்கணக்கும் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

1. முதலில் அது சதைதானா என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளைப் பகுதியில் மஞ்சளாகச் சின்ன மேடு மட்டும் இருந்து, கருவிழிக்குள் ஏறாமல் நின்றால் அது வேறு. அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது. சதை என்றால் முக்கோணமாக, ரத்தக்குழாய்களோடு கருவிழிக்குள் நுனியை நீட்டும். கண்ணில் பழைய காயமோ தீப்புண்ணோ பட்டு ஒட்டிக்கொண்ட தோலும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அரிதாகக் கண்ணின் மேல்பரப்பில் வரும் புற்றுநோய்க் கட்டியும் சதை போலவே தோன்றும். இதை எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. நாடியை (தாடையை) ஒரு தாங்கியில் வைத்து, மெல்லிய வெளிச்சக் கோட்டைப் போட்டுப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையில்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள், கண் டாக்டரையே பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. ஒன்று, நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கண்ணில் விடுவது. வளர்ந்த சதை இதில் எதற்கும் கரையாது, கிருமி உள்ளே போகும் வழிதான் திறக்கும். இன்னொன்று இதைவிட மோசம்: மருந்துக்கடையில் போய் 'கண் சிவப்புக்கு ஒரு சொட்டு தாருங்க' என்று கேட்டு வாங்குவது. அதில் பல சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்பு குறையும், சுகமாக இருக்கும், அதனால் மாசக்கணக்கில் போடுவார்கள். கண் நீர் அழுத்தமும் கண்புரையும் சத்தமில்லாமல் வந்து சேரும். கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை திரும்ப வராது.

2. உடனே ஆபரேஷன் வேண்டுமா?

எல்லாச் சதையையும் வெட்ட வேண்டியதில்லை. சின்னதாக, வளராமல், தொந்தரவு இல்லாமல் இருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் போதும் என்று டாக்டரே சொல்வார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் மாசாமாசம் ஒரு படம் எடுத்து வையுங்கள். வளருகிறதா இல்லையா என்பதை டாக்டரிடம் வாயால் விளக்குவதைவிட அது உதவும்.

ஆபரேஷன் என்று சொல்வது பொதுவாக இந்தக் காரணங்களுக்காக: சதை கண்மணியை நோக்கி நகர்கிறது, கருவிழியை இழுத்து வளைத்ததால் சிலிண்டர் பவர் ஏறி எழுத்து கலங்கித் தெரிகிறது, உறுத்தலும் சிவப்பும் மருந்துக்கு அடங்கவில்லை, கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் இழுக்கிறது. தோற்றத்துக்காகச் செய்கிறவர்களும் உண்டு, அது தவறில்லை. ஆனால் வயசு குறைவாக இருக்கும்போது செய்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கண்புரையும் சதையும் சேர்ந்தே இருக்கிறவர்கள் கவனியுங்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். சதை அந்த வளைவைக் கெடுத்து வைத்திருக்கும்போது அளந்தால் கணக்கு தவறலாம். அதனால் பெரிய சதையாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கருவிழி ஒரு நிலைக்கு வரும்வரை சில வாரங்களோ மாசங்களோ பொறுத்து, அப்புறம்தான் கண்புரை ஆபரேஷன் செய்வது வழக்கம். இதே காரணத்துக்காக, ஆபரேஷனுக்கு முன்னால் புதுக் கண்ணாடி போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள், பவர் மாறிவிடும்.

சதை கண்மணியை மூடும்வரை காத்திருப்பதும் தப்பு. எடுத்த பிறகும் அது இருந்த இடத்தில் கருவிழியில் லேசான மங்கல் தழும்பு தங்கிவிடும். ஓரத்தில் இருந்தால் அது பார்வையைத் தொடாது. நடுவில் இருந்தால் சதை போன பின்னும் மங்கல் போகாது.

3. எங்கே போவது

மாவட்டத்துக்குள் அரசு மருத்துவமனை என்றால் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டும் போகலாம். புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில்தான், அதனால் ஓ.பி. சீட்டுக்கு நேரத்தோடு போய் நில்லுங்கள். நாகர்கோவிலில் தனியார் கண் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

மாவட்டத்துக்கு வெளியே என்றால், கிழக்குப் பக்கத்துக்காரர்கள் வடசேரியில் பஸ் ஏறித் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கே கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனியாக உண்டு. மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அங்கே அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. கேரளத்துக்குப் போவதானால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று முதலில் போனில் கேளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபரேஷன் நாளை மட்டும் நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு மறுநாள், ஒரு வாரத்தில், ஒரு மாசத்தில், மூன்று மாசத்தில், ஆறு மாசத்தில் என்று திரும்பத் திரும்பப் போக வேண்டிவரும். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் எண்பது கிலோமீட்டர் போய்வருவது சுலபம் இல்லை. தூரத்து மருத்துவமனையில்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பதை நாகர்கோவிலிலேயே ஒரு கண் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாமா என்று அங்கேயே கேளுங்கள்.

கண் சிகிச்சை முகாம்கள் பெரும்பாலும் கண்புரைக்காக நடப்பவை. சதை இருப்பதைச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு அன்றைக்கே வண்டியில் கூட்டிப்போவார்களா என்பதை முகாமில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு துணிமணி எடுத்துவையுங்கள்.

4. தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டியவை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மாமாவுக்குத் தவறியது இங்கேதான்.

'சதையை எடுத்த இடத்தை எப்படி மூடுவீங்க டாக்டர்?' என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். சதையை வெட்டிவிட்டு வெள்ளைப் பகுதியை அப்படியே திறந்து விடுவது பழைய முறை. நேரமும் செலவும் குறைவு, ஆனால் திரும்ப வளர்வது மிக அதிகம். இப்போது பரவலாகச் செய்வது, அதே கண்ணின் மேல் இமைக்கு அடியில் வெயில் படாமல் நல்லபடியாக இருக்கும் மெல்லிய தோலில் இருந்து ஒரு துண்டு எடுத்து, சதை இருந்த இடத்தில் ஒட்டுவது. கிராஃப்ட் என்பார்கள். இதில் திரும்ப வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அறவே வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். துண்டு எடுத்த இடம் தானாகவே ஆறிவிடும்.

அந்த ஒட்டை எப்படி நிறுத்துவார்கள் என்பது அடுத்த கேள்வி. மூன்று வழி உண்டு. மெல்லிய நூலால் தையல் போடலாம். செலவு குறைவு, ஒட்டு நகராது, ஆனால் ஆபரேஷன் கொஞ்சம் நேரம் பிடிக்கும், தையல் கரையும்வரை அல்லது பிரிக்கும்வரை உறுத்தும். ஃபைப்ரின் பசையால் ஒட்டலாம். சீக்கிரம் முடியும், உறுத்தல் குறைவு, ஆனால் பசைக்கே தனியாக ஆயிரக்கணக்கில் ஆகும். மூன்றாவது, அந்த இடத்தில் கசியும் உங்கள் சொந்த ரத்தமே உறைந்து பிடித்துக்கொள்ள விடுவது. செலவில்லை, ஆனால் முதல் சில நாள் ஒட்டு விலகாமல் மிகக் கவனமாக இருக்க வேண்டும். தையல் என்றால், கரையும் நூலா பிரிக்க வேண்டிய நூலா என்றும் கேளுங்கள். பிரிக்க வேண்டியதென்றால் அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துத் திரும்ப வளர்ந்தது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழைய சீட்டைக் காட்டுங்கள். இரண்டாவது தடவை வெட்டுவது கடினமான வேலை, தழும்பு இறுகிப்போயிருக்கும். சில சமயம் மைட்டோமைசின் என்ற மருந்தை அளவாக வைப்பார்கள், அல்லது பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுப்பையில் இருந்து எடுத்த மெல்லிய சவ்வை வைத்து மூடுவார்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் அழுத்தத்துக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் கண்ணின் மேல் பக்கத் தோல் வேண்டியிருக்கும், அதனால் ஒட்டுக்கான துண்டைக் கீழ்ப் பக்கத்தில் இருந்து எடுப்பார்கள்.

கடைசியாக, வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட்டை யார், எப்போது வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள், பலரும் மறந்துவிடுகிறார்கள்.

5. காகிதங்கள்

ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய கண் சீட்டுகள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. எல்லாவற்றிலும் இரண்டு நகல், கையில் ஒரு செல்போன் எண் எழுதிய தாள். நகல் எடுக்க மருத்துவமனை வாசல் கடையில் நிற்கும் நேரத்தில் வரிசையில் இருபது பேர் முன்னால் போய்விடுவார்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். சதைக்கு இது அவசர ஆபரேஷன் இல்லை என்பதால் இதைச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அட்டை கையில் இருக்கிறது என்பதால் ஆபரேஷன் இலவசம் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் செய்யப்போகும் சதை ஆபரேஷனும் ஒட்டும் அதில் அடங்குமா, பசைக்குத் தனிப்பணமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டு, முன்அனுமதி வந்த பிறகு தேதி வாங்குங்கள். பணம் கட்டி ஆபரேஷன் முடித்துவிட்டு அட்டையை நீட்டினால் வேலைக்காகாது. அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் தங்கள் காப்பீட்டுக்கும் இதே மாதிரி முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் அடிக்கடி இடிக்கிற ஒன்று பெயர். ஆதாரில் 'மரிய செல்வம்', குடும்ப அட்டையில் 'மேரி செல்வம்', இன்ஷியல் ஒன்றில் முன்னால் ஒன்றில் பின்னால், சிலருக்கு வீட்டுப் பெயரும் சேர்ந்துவிடும். ஆபரேஷன் அன்று காலையில் இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது, முந்தைய வாரமே எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. செலவு

அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் ஆபரேஷனும் இலவசம். செலவு என்றால் போக்குவரத்தும் துணைக்கு வருகிறவரின் கூலியும்தான். தனியாரில் நான் விசாரித்தபோது பதினைந்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடையில் சொன்னார்கள். தையலா பசையா என்பதைப் பொறுத்துத்தான் அவ்வளவு வித்தியாசம். சொல்லும் தொகையில் எதெல்லாம் அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, பசை, அறை வாடகை, வீட்டுக்குத் தரும் சொட்டு மருந்து, முதல் மாசத்து மறுபரிசோதனைகள், சதையை அனுப்பும் லேப் கட்டணம். தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் பலர் விட்டுவிடுவது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் செலவு. சொட்டு மருந்து ஒன்றரை இரண்டு மாசம் ஓடும், செயற்கைக் கண்ணீர் அதைவிட நீளும், நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று வேண்டும், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம் போகும். கடைசியில் சொன்னதுதான் தினக்கூலிக்காரருக்குப் பெரிய தொகை.

7. எந்த மாசம் செய்வது

சதை ஓர் இரவில் வளர்வதில்லை, அதனால் மாசத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். விசைப்படகில் போகிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் சரியான நேரம். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கடற்கரைப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்ற மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆபரேஷன் முடித்துவிட்டால், கண் சிவப்பு அடங்கி மருந்து குறைகிற காலம் முழுக்க வீட்டில் இருக்கும்போதே கழிந்துவிடும், வருமான இழப்பும் தனியாக வராது. மாமாவின் இரண்டாவது ஆபரேஷனை அப்படித்தான் வைத்தோம். இதற்குத் தடைக்காலத்துக்கு முந்தைய மாசமே போய்த் தேதி வாங்கியிருக்க வேண்டும், எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லாததால் அவர்கள் கடல் கொந்தளிப்பான நாட்களைப் பார்த்து வைக்கலாம்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் மழைக்கு வெட்டு நிற்கும் சமயத்தைப் பாருங்கள். நெல் விவசாயம் என்றால் கன்னிப்பூ, கும்பப்பூ எதுவானாலும் அறுப்பும் சூடடிப்பும் வருகிற மாசத்தை விடுங்கள், அந்தத் தூசி கண்ணுக்கு ஆகாது. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்று அடிக்கும் மாசங்களில் வெளிவேலை செய்கிறவர்கள் காற்று ஓயட்டும் என்று பொறுப்பது நல்லது. வீட்டில் கல்யாணம், பால்காய்ச்சு, ஊர்க் கொடை, கோயில் திருவிழா எதுவும் அடுத்த ஒரு மாசத்துக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் கண்ணைப் பார்த்துக்கொள்ள முடியாது.

8. ஆபரேஷனுக்கு முன்னும் அன்றும்

சர்க்கரை, பிரஷர், ரத்தப் பரிசோதனை, வயசானவர்களுக்கு இ.சி.ஜி., மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு சோதனை, இவ்வளவும் முந்தின நாளோ அதற்கு முன்போ நடக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார்கள், அதைச் சண்டையாக எடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். யார் பேச்சையும் கேட்டு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இதய டாக்டரும் கண் டாக்டரும் சொல்வதே முடிவு.

அன்று தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், அடுத்த சில வாரம் அதற்கு வாய்ப்பில்லை. கண்மை, பவுடர், முகத்தில் எண்ணெய் எதுவும் வேண்டாம். சட்டை முன்பக்கம் பொத்தான் உள்ளதாக இருக்கட்டும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். காலையில் சாப்பிடலாமா, எந்த மாத்திரை போடலாம் என்பதை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அரை மணியில் இருந்து முக்கால் மணி நேரம். கண்ணைச் சுற்றி ஊசி போட்டோ, சொட்டு மருந்தோடு சின்ன ஊசி போட்டோ மரக்கச் செய்வார்கள். நினைவு இருக்கும், மைக்ரோஸ்கோப் வெளிச்சம் தெரியும், இழுப்பது மாதிரி ஓர் உணர்வு இருக்கும், வலி இருக்காது. வலித்தால் தலையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்கள். இருமல் வருகிறது என்றாலும் முதலில் சொல்லிவிட்டு இருமுங்கள். முடிந்ததும் கண்ணைக் கட்டி அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

9. முதல் வாரம்

மரப்பு போனதும் அன்று ராத்திரி வலிக்கும். கருவிழியின் மேல் தோல் உரிந்த இடம் ஆறும்வரை, அதாவது இரண்டு மூன்று நாள், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் ஆகாது. எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வலி ஏறுவதற்கு முன்பே போடுங்கள். கட்டை மறுநாள் அவிழ்ப்பார்கள். வீட்டில் நீங்களாக அவிழ்க்க வேண்டாம்.

கட்டு அவிழ்த்ததும் கண்ணாடியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கண் ரத்தச் சிவப்பாக இருக்கும், ஒட்டு வைத்த இடம் உப்பி வெளிறிய தோல் மாதிரித் தெரியும், அதற்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். உப்பல் ஒரு வாரத்தில் வடியத் தொடங்கும், ரத்தக்கட்டு இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும், மற்ற சிவப்பு ஒன்றரை இரண்டு மாசம் எடுக்கும். எனக்கு அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டு 'கண்ணு கெட்டுப்போச்சே' என்று சொன்னதுதான் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் சொல்வார்கள், டாக்டர் சொல்லாதவரை அதைக் காதில் போடாதீர்கள்.

அந்த ஒட்டு, நட்ட நாற்று வேர் பிடிக்கிற வரைக்கும் உள்ள நிலையில் இருக்கிறது. கண்ணைக் கசக்கினால் இடம் மாறிவிடும். தூக்கத்தில் கசக்காமல் இருக்க மருத்துவமனையில் தரும் பிளாஸ்டிக் மூடியை ராத்திரி ஒட்டிக்கொண்டு, மற்றப் பக்கமாகவோ மல்லாந்தோ படுங்கள். முதல் வாரம் குனிந்து தண்ணீர்க்குடம் தூக்குவது, விறகு அடுப்புப் புகையில் நிற்பது, பைக் ஓட்டுவது எல்லாம் வேண்டாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தலைக்கு ஊற்றுவதை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள், ஊற்றும்போதும் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவர் ஊற்ற வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. மீன் சாப்பிட்டால் புண் ஆறாது என்று வீட்டில் சொல்வார்கள், அதற்காகக் கஞ்சியும் பயறுமாகக் கிடக்க வேண்டாம். மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்தால் போதும்.

10. சொட்டு மருந்து

பொதுவாகக் கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று (சிலருக்கு இரண்டும் ஒரே பாட்டிலில்), செயற்கைக் கண்ணீர் ஒன்று, ராத்திரிக்குக் களிம்பு. ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு ஆறு தடவையில் தொடங்கி, வாரம் போகப்போகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இந்தக் குறைப்பில்தான் எல்லாரும் குழம்புவார்கள். நான் செய்தது: காலண்டர்த் தாளின் பின்பக்கம் வாரவாரியாகக் கட்டம் போட்டு, போட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு கிழித்து, அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டேன். வீட்டில் யார் மருந்து விட்டாலும் கணக்கு தெரிந்தது.

விடும் முறை: கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். பாட்டிலைக் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்குங்கள். கீழ் இமையை மட்டும் மெதுவாக இழுத்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. மேல் இமையைத் தூக்க வேண்டாம், துண்டு எடுத்த இடம் அங்கேதான் இருக்கிறது. பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை வெளியில் இருந்து லேசாக ஒரு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி, களிம்பு கடைசியில். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள், ஒரு மாசம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கண் வெளுத்துவிட்டது என்று மூன்றாவது வாரத்தில் ஸ்டீராய்டை நிறுத்துகிறவர்கள் நிறைய. அப்படி நிறுத்தினால் வீக்கம் திரும்பி, சதை மறுபடி வளரத் தூண்டுதல் ஆகும். இன்னொரு பக்கம், நன்றாக இருக்கிறதே என்று சொன்ன நாளுக்கு மேல் போடுகிறவர்களும் உண்டு. கண் அழுத்தம் ஏறும். மருந்து ஓடும்போது ஒரு மாசத்தை ஒட்டிய பரிசோதனையில் கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

11. இவை வந்தால் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுவது. சீழ் மாதிரிக் கெட்டியாக வடிவது. பார்வை திடீரென்று மங்குவது. ஒட்டு விலகி நிற்பது அல்லது கண்ணில் இருந்து சவ்வு தொங்குவது. அதை இழுக்கவோ துடைத்து எடுக்கவோ கூடாது. ஒட்டின் ஓரத்தில் சில வாரம் கழித்துச் சிவப்பாக ஒரு மணி போல வளர்ந்து ரத்தம் கசிவது. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது. ராத்திரி என்றாலும் மருத்துவமனை எண்ணுக்கு அழையுங்கள். அவர்கள் எடுக்காவிட்டால் ஆசாரிபள்ளம் அவசரப் பிரிவுக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எங்கே போவது என்று விசாரிக்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

12. அடுத்த ஆறு மாசம்

வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். வெயிலும் தூசியும் உள்ள வேலைக்கு டாக்டர் சரி சொல்லும்வரை, பெரும்பாலும் ஒரு மாசம் கழித்து. கடல் குளியல், குளம், ஆறு, திற்பரப்பு அருவி எதுவும் குறைந்தது ஒரு மாசத்துக்கு வேண்டாம். புதுக் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதை இரண்டு மூன்று மாசம் கழித்து வையுங்கள்.

கறுப்புக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சதை பெரும்பாலும் மூக்குப் பக்கமே வருவதற்குச் சொல்லப்படும் காரணம், காதோரப் பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக விழும் வெயிலைக் கருவிழி வளைத்துக் கொண்டுபோய் மூக்குப் பக்க ஓரத்தில் குவிக்கிறது என்பது. அதனால் முன்னால் மட்டும் மறைக்கும் சின்னக் கண்ணாடி பாதி வேலைதான் செய்யும். பக்கவாட்டையும் சுற்றி மூடுகிற, யூவி 400 (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது) என்று குறித்த கண்ணாடி வாங்குங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் தட்டில் அடுக்கி விற்பதில் கறுப்பு நிறம் இருக்கும், அந்தத் தடுப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. நிறம் மட்டும் இருந்து தடுப்பு இல்லாவிட்டால், இருட்டில் கண்மணி விரிந்து கூடுதல் வெயில் உள்ளே போகும். கடலில் இருக்கிறவர்களுக்கு வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரில் பட்டும் மணலில் பட்டும் கீழிருந்து வருகிறது. அதனால் தொப்பி மட்டும் போதாது, தொப்பியும் கண்ணாடியும் சேர்ந்து வேண்டும். உப்பளத்து வெள்ளைப் பரப்புக்கும் இதே கதைதான். மாமா முதலில் 'வலை இழுக்கும்போது கண்ணாடி விழுந்துடும் மக்கா' என்று மறுத்தார். காதுக்குப் பின்னால் இறுக்கும் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தோம், இப்போது அது இல்லாமல் படகில் ஏறுவதில்லை.

திரும்ப வளர்வதானால் பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குள், அதிலும் முதல் ஆறு மாசத்தில்தான் தலைகாட்டும். வெட்டிய இடத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் மறுபடி கருவிழியை நோக்கி ஊர்வதுதான் முதல் அறிகுறி. அந்தக் கட்டத்தில் காட்டினால் மருந்தோ ஒட்டுக்குப் பக்கத்தில் ஊசியோ போட்டு அடக்கப் பார்ப்பார்கள். தடித்த பிறகு போனால் மறுபடி ஆபரேஷன்தான். அதனால் மூன்றாம் மாசத்து, ஆறாம் மாசத்துப் பரிசோதனைகளைக் கண் சரியாக இருந்தாலும் விடாதீர்கள். அந்தத் தேதிகளை ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போகும்போது மற்றக் கண்ணையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் வந்தவர்களுக்கு அதிலும் தொடங்கியிருக்கலாம்.